உடல்நிலை என்ற கட்டம்

இந்தத் தொடரில் இதுவரை நான் எழுதியவை பெரும்பாலும் மற்றவர்கள் செய்த தவறுகள். அவற்றைச் சிரித்துக்கொண்டே எழுத முடிந்தது. இந்த வாரம் நான் செய்த ஒன்றை எழுதுகிறேன்.

ஒரு படிவத்தில் நான் எழுதிய ஒற்றைச் சொல்லால் ஒரு தாய் தன் மகளைப் பிரிந்து மேலும் மூன்று ஆண்டுகள் இருக்க நேர்ந்தது. தெரியாமல் எழுதியதல்ல. கை தவறியதும் அல்ல. யோசித்து, நான்கைந்து சொற்களை ஒதுக்கிவிட்டு, அதை எழுதினேன்.

எழுபதுகளின் பிற்பகுதி, மார்ச் மாதக் கடைசி. டெல்லியில் குளிர் போய் வெயில் வருவதற்குள் இரண்டு வாரம் நல்ல நாட்கள் உண்டு. அப்படி ஒரு நாள் மாலை, எங்கள் செக்‌ஷனில் எல்லோரும் பஸ் பிடிக்கக் கிளம்பிவிட்டார்கள். பியூன் அந்த வருடத்தில் முதல் முறையாக மின்விசிறியைப் போட்டுவிட்டுப் போனான். நான்கு மாதத் தூசி இறக்கைகளிலிருந்து கிளம்பி என் மேசைமேல் இறங்கியது.

மேசையில் பதினொரு படிவங்கள். ஒவ்வொன்றாக ஊதி ஊதி எழுதிக்கொண்டு வந்தேன். ஒன்றை மட்டும் கடைசிக்கு ஒதுக்கி வைத்திருந்தேன்.

எல்லோருக்கும் ‘குட்’

மத்திய அரசு ஊழியர்களைப் பற்றி ஆண்டுக்கு ஒரு முறை மேலதிகாரி எழுதும் ரகசிய அறிக்கைக்கு சி.ஆர். என்று பெயர். வேலை எப்படி, நேரத்துக்கு வருகிறாரா, குறிப்பெழுதத் தெரியுமா, நாணயம் எப்படி என்று கட்டம் கட்டமாகக் கேட்டிருக்கும். பதவி உயர்வு, இடமாற்றம் எல்லாம் அதை வைத்துத்தான். நான் செக்‌ஷன் ஆபீசர். என்கீழ் பதினொரு பேர்.

மோசமாக எழுதினால் அதைச் சம்பந்தப்பட்டவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அவர் மறுப்பு எழுதுவார். அதற்கு நாம் விளக்கம் எழுத வேண்டும். ஆகவே யாரும் மோசமாக எழுதுவதில்லை.

உடல்நிலை என்று ஒரு கட்டம் உண்டு. அதில் ‘குட்’ என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போவோம். இரண்டு முறை மாரடைப்பு வந்த சர்மாஜிக்கு ‘குட்’. இழுப்பு வந்தால் ஜன்னலோரம் போய் நின்றுகொள்ளும் பானர்ஜிக்கு ‘குட்’. ஜனவரியில் காலமான டைப்பிஸ்ட் ஒருவருக்கு, அவர் உயிரோடிருந்த மாதங்களுக்கான அறிக்கையை மார்ச்சில் எழுதும்போது, பழக்கதோஷத்தில் அதே ‘குட்’ விழுந்து, மேலே போய்க் கையெழுத்தாகியும் வந்துவிட்டது.

இன்னொன்றும் இருந்தது. எங்கள் அலுவலக வழக்கப்படி அந்தக் கட்டத்தில் என்ன எழுதினாலும் அது குறையாகாது. உடம்பு சரியில்லாதது ஒருவருடைய குற்றமா? அதனால் அதை அவருக்குத் தெரிவிப்பதும் இல்லை. அந்தப் படிவத்தில் ஒருவரைப் பற்றி அவருக்குத் தெரியாமல் எழுதக்கூடிய ஒரே இடம் அதுதான். அது எனக்குத் தெரியும்.

சிவப்பு ஸ்வெட்டர்

கடைசிக்கு ஒதுக்கி வைத்தது செண்பகவல்லியின் படிவம்.

கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். அப்பா டெல்லியில் வேலை பார்த்த காலத்தில் தேர்வு எழுதி எங்கள் அமைச்சகத்தில் கிளார்க்காகச் சேர்ந்தவர். அப்பா ஓய்வு பெற்று ஊர் போய்ச் சேர்ந்தார். இவருக்கு மெட்ராசில் ஒரு பள்ளி ஆசிரியரோடு கல்யாணம் ஆயிற்று. வேலையை விட முடியாத குடும்பநிலை. பிறந்த குழந்தையை ஒன்றரை வயது வரை டெல்லியில் வைத்துக்கொண்டு அல்லாடினார். பிறகு மெட்ராசில் கணவரிடமும், அவரோடு இருந்த விதவை அக்காவிடமும் விட்டுவிட்டு வந்தார். லக்ஷ்மிபாய் நகரில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் குவார்ட்டர்ஸில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தார்.

முப்பது வயது, ஒல்லியான உருவம். குளிர்காலத்தில் மதிய இடைவேளை என்றால் எல்லோரும் புல்வெளிக்குப் போய்விடுவோம். ஒரு பக்கம் சீட்டு, ஒரு பக்கம் வேர்க்கடலை. பஞ்சாபிப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னுவார்கள். செண்பகவல்லி அவர்களிடம் கற்றுக்கொண்டு மகள் மீனாவுக்குச் சிவப்பில் ஒன்று பின்னினார். மெட்ராஸ் வெயிலில் ஸ்வெட்டர் எதற்கு என்று அவர்கள் கேலி செய்தார்கள். இங்கே வரும்போது போடட்டும் என்பார். மீனா குளிர்காலத்தில் வரவேயில்லை. ஒவ்வொரு வருடமும் அதைப் பிரித்து, நூல் சேர்த்து, ஒரு சுற்று பெரிதாகப் பின்னிக்கொண்டிருந்தார்.

வேலையில் அவரைப் போல் ஒருவரை நான் அதற்கு முன்பும் பின்பும் பார்த்ததில்லை. நாடாளுமன்றம் கூடும் நாட்களில் எங்களுக்கு வரும் கேள்விகளுக்கு அவர்தான் பதில் வரைவு எழுதுவார். நான் ஒரு காற்புள்ளியை நகர்த்திவிட்டுக் கையெழுத்துப் போடுவேன். மேலே என் பெயர் போகும். நான் அண்டர் செக்ரட்டரி பதவிக்குக் காத்திருந்த வருடம் அது.

அந்த நேரம் பார்த்து எங்கள் மெட்ராஸ் கிளை அலுவலகத்தில் ஓர் இடம் காலியானது. விரும்புகிறவர்கள் விண்ணப்பிக்கலாம் என்று சுற்றறிக்கை வந்தது. செண்பகவல்லி அன்றைக்கே எழுதிக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். சி.ஆரைப் பார்த்துத்தான் ஆளை எடுப்பார்கள்.

"மீனா ஜூன்ல பள்ளிக்கூடத்துல சேருதா சார். மொத நாள் நானே கூட்டிட்டுப் போயிரலாம்லா?"

பார்ப்போம் என்றேன்.

ஒரு சொல்லைத் தேடி

நான் ஆங்கிலம் படித்தவன். திருச்சியில் கல்லூரி நாட்களில் அதற்காக ஒரு பதக்கமும் வாங்கியவன். சொற்களின் எடை எனக்குத் தெரியும் என்ற கர்வம் உண்டு. அன்று மாலை அந்தக் கர்வம் நன்றாக வேலை செய்தது.

வேலையில் குறை சொல்ல முடியாது. சொன்னால் தெரிவிக்க வேண்டும். பொய் என்றும் எல்லோருக்கும் தெரியும். எனவே மற்ற எல்லாக் கட்டங்களிலும் உண்மையையே எழுதினேன். ‘எக்ஸலண்ட்’ என்று நான்கு இடத்தில் எழுதினேன். பிறகு உடல்நிலைக்கு வந்தேன்.

‘டெலிகேட்’ என்று முதலில் தோன்றியது. அது பீங்கானுக்கும் பணக்காரப் பெண்களுக்கும் உரிய சொல். ‘ஃப்ரெய்ல்’ முதியவர்களுக்கு. ‘சிக்லி’ என்றால் வசை போலிருக்கும், படிப்பவர் நிமிர்ந்து பார்ப்பார். ‘தின்’ என்பது வெறும் உருவம். ஒல்லியானவர்கள் மூட்டை தூக்குவதில்லையா? ‘வீக்’ சின்னச் சொல். யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். கொஞ்சம் பரிவும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கும். எழுதியவனை அக்கறையுள்ளவன் என்று நினைப்பார்கள்.

டெல்லித் தமிழ் வீடுகளில் அந்தச் சொல் இல்லாமல் ஒரு நாள் போகாது. மந்திர் மார்க்கில் தமிழ்ப் பள்ளிக்குப் போகும் பையன் கணக்கில் வீக். கான்வென்ட்டுக்குப் போகும் தங்கை தமிழில் வீக். ரேடியோவில் பாட்டரி வீக். உடம்பைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் குரல் தணியும். பக்கத்து வீட்டுப் பெண் பிரசவமாகி வந்திருக்கிறாள், ரொம்ப வீக்காக இருக்கிறாள் என்று ஒருத்தி சொன்னால், அரை மணி நேரத்தில் நாலு வீட்டிலிருந்து பூண்டுக் குழம்பு போகும். டாக்டரிடம் போனால் அவர் அதையே இந்தியில் ‘கம்ஸோரி’ என்பார். எல்லோருக்கும் ஒரே சிவப்பு டானிக்கை எழுதிக் கொடுப்பார்.

முந்தைய ஆகஸ்டில் செண்பகவல்லிக்கு டைஃபாய்டு வந்தது. சரியாகத் தேறுவதற்குள் வேலைக்கு வந்து, ஒரு நாள் ஃபைல் அலமாரி ஓரம் மயங்கி விழுந்தார். நான்தான் டாக்ஸி பிடித்துக் கொண்டுபோய் விட்டேன். என் மனைவி கமலா விஷயம் கேட்டு, "பாவங்க, ரொம்ப வீக்கா இருக்கு போலிருக்கு" என்று ஒரு வாரம் தூக்குச்சட்டியில் ரசமும் கஞ்சியும் கொடுத்தனுப்பினாள். தீபாவளிக்குள் செண்பகவல்லி முழுக்கத் தேறிவிட்டார். அதற்கு ஐந்து மாதம் கழித்து, மார்ச்சில், கமலா சொன்ன அதே சொல்லை எடுத்து நான் எழுதினேன்.

வீட்டில் அந்தச் சொல்லுக்குப் பின்னால் ரசம் வரும். கோப்பில் எதுவும் வராது.

“பேச்சாரி”

என் அறிக்கைகளைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டியவர் அண்டர் செக்ரட்டரி மல்ஹோத்ரா. வேகமாகப் புரட்டிக்கொண்டு வந்தவர் அந்த இடத்தில் நின்றார்.

"வீக்? அச்சா. பேச்சாரி," என்றார். பாவம் என்று அர்த்தம். கையெழுத்துப் போட்டார். அவர் நல்ல மனிதர். அந்த நல்ல மனத்தோடுதான் போட்டார்.

மே மாதம் மெட்ராசிலிருந்து பதில் வந்தது. அங்கே வேலை அதிகம், அடிக்கடி வெளியூர் போக வேண்டியிருக்கும், திடகாத்திரமான ஒருவர் தேவை என்று எழுதி, வேறு செக்‌ஷனிலிருந்து ஆண் ஊழியர் ஒருவரை எடுத்துக்கொண்டார்கள்.

செண்பகவல்லி என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். தன் பேரில் ஏதாவது குறை இருந்ததா என்று. ஒன்றுமில்லை, உங்கள் ரிப்போர்ட்டைப் போல் ஒரு ரிப்போர்ட் நான் எழுதியதே இல்லை என்றேன். தாங்ஸ் சார் என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார். அன்று மாலை நாடாளுமன்றக் கேள்வி ஒன்றுக்கு அவர் எழுதித் தந்த பதிலில் நகர்த்துவதற்கு ஒரு காற்புள்ளிகூட இல்லை.

மலை மந்திர் படிகள்

ஓராண்டு போயிற்று. எனக்கு உறுத்தவில்லை என்று சொன்னால்தான் அது உண்மை. அடுத்த மார்ச்சில் அவருக்கு ‘குட்’ என்று எழுதி, அதோடு சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

ஜூன் மாத முதல் ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் ஆர்.கே.புரத்தில் குடியிருந்தோம். காலை பத்து மணிக்கு அங்கே குன்றின்மேல் இருக்கும் முருகன் கோயிலுக்கு, மலை மந்திருக்கு, நானும் கமலாவும் போனோம். படியடியில் செண்பகவல்லி, அவர் கணவர், கூடவே ஐந்து வயதில் மீனா. கோடை விடுமுறைக்கு அப்பா அழைத்து வந்திருந்தார்.

கமலா குனிந்து, யாரோடு வந்தாய் என்று குழந்தையைக் கேட்டாள்.

"அப்பா கூட. டெல்லி அம்மாவப் பாக்க வந்தோம்."

"அப்ப மெட்ராஸ்ல?"

"அங்க அம்மா இருக்காங்க."

கணவர் வேறு பக்கம் பார்த்தார். செண்பகவல்லி மகளின் ரிப்பனை அவிழ்த்து மறுபடி கட்டினார். அது சரியாகத்தான் கட்டியிருந்தது. "அத்தையத்தான் அம்மாங்கா, அக்கா. பள்ளிக்கூடம் கொண்டு விடுதது, சோறு ஊட்டுதது எல்லாம் அவங்கதான," என்றார்.

செருப்பைக் கழற்றியதும் குழந்தை கால் சுடுகிறது என்று துள்ளியது. செண்பகவல்லி அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஏற ஆரம்பித்தார். கணவர் வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார், கொடுக்கவில்லை. ஐந்து வயதுக் குழந்தை கனமாகத்தான் இருக்கும். அவர் எங்கும் நிற்கவில்லை. நான் பாதிப் படியில் மூச்சு வாங்கிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றேன். சிவப்பு ரிப்பன் மேலே மேலே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சொல் அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

வெறும் ஏனம்

மறுநாளே மல்ஹோத்ராவிடம் போனேன். பழைய சி.ஆரில் உடல்நிலையைத் திருத்த முடியுமா என்று சுற்றி வளைத்துக் கேட்டேன். சிரித்தார். அந்தக் கட்டத்தைத் திருத்தச் சொல்லி இதுவரை யாரும் வந்ததில்லை என்றார். அடுத்த முறை இடம் காலியானாலும் கடைசி மூன்று வருட அறிக்கைகளைப் பார்ப்பார்கள், அந்தச் சொல் அங்கேயேதான் இருக்கும், நீக்க வேண்டுமானால் காரணம் எழுத வேண்டும் என்றும் சொன்னார்.

காரணம் எழுதுவதா என்று பயந்தேன். அந்தப் பயத்தில் இன்னும் ஆறு மாதம் போயிற்று.

டிசம்பரில் ஒரு மதியம். இடைவேளை முடிகிற நேரம், பஞ்சாபிப் பெண்கள் எழுந்து போய்விட்டார்கள். செண்பகவல்லி மட்டும் ஒரு வரிசையை முடித்துவிட்டு எழுந்திருக்கலாம் என்று உட்கார்ந்திருந்தார். நான் அருகில் போய் நின்று, மெட்ராஸ் இடம் அவருக்குக் கிடைக்காமல் போனதற்குக் காரணம் நான்தான் என்று சொன்னேன்.

ஊசிகள் நிற்கவில்லை.

"என்ன எழுதினீங்க சார்?"

"உடல்நிலை வீக்னு."

வரிசை முடிந்தது. ஊசியைத் திருப்பிக்கொண்டார்.

"டைஃபாய்டுல விழுந்தேனே, அதுக்கா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். தப்பித்துப் போக அவரே ஒரு வழி திறந்துவிட்டார். எப்படியோ அன்று அந்த வழியாக நான் போகவில்லை.

"இல்ல. நீங்க போயிட்டா என் செக்‌ஷன் படுத்துடும்னு எழுதினேன்."

அப்போதுதான் கை நின்றது.

"அக்கா ஒரு வாரம் ரசம் குடுத்துவிட்டாங்க. அந்தத் தூக்குச்சட்டிய வெறும் ஏனமாத் திருப்பக் கூடாதுன்னு சீனி போட்டுக் குடுத்துவிட்டேன் சார். எந்திரிச்சு நடக்க முடியாம இருந்த நேரத்துல, கடைக்குப் போய் வாங்கிட்டு வந்து."

நான் மன்னிப்புக் கேட்டேன்.

"அது இருக்கட்டும். இப்ப சொன்னீங்கள்லா, அத எழுதிக் குடுங்க. படுத்துடும்னு சொன்னதையும் சேத்து எழுதுங்க." நூலைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். "லஞ்ச் முடிஞ்சிட்டு சார்."

ஒரு கோடு

மூன்று நாள் எழுதவில்லை. எழுதினால் என் பதவி உயர்வு போகும் என்று தெரியும். கமலாவிடம் அப்போதுதான் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை.

"நான் சொன்ன வார்த்தைய எடுத்தா எழுதினீங்க?" என்றாள். அவ்வளவுதான். அடுப்படிக்குப் போய்விட்டாள். இரண்டு நாள் எனக்குத் தட்டு வைத்தாள், பக்கத்தில் உட்காரவில்லை.

நான்காம் நாள் எழுதினேன். ஊழியர் நல்ல உடல்நலத்தோடு இருந்தார், அவரை விட மனமில்லாமல் அறிந்தே தவறான குறிப்பை எழுதினேன், அதை நீக்க வேண்டுகிறேன் என்று. மூன்று வரி. பதக்கம் வாங்கியவனுக்கு அந்த மூன்று வரிக்கு ஒரு மாலை முழுக்கப் பிடித்தது.

கோப்பு மேலே போய் வர இரண்டு மாதம் ஆனது. எனக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை வந்தது. அது என் சி.ஆரில் சேர்ந்தது. அந்த வருடப் பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இல்லை, அடுத்த வருடமும் இல்லை. மல்ஹோத்ரா வராந்தாவில் என்னைப் பார்த்தால் தலையசைப்பார், பேசுவதில்லை. அந்தச் சொல்லுக்கு இரங்கிக் கையெழுத்துப் போட்டவர் அவர்.

படிவத்தை என் முன்னால் கொண்டுவந்து வைத்தார்கள். அந்தச் சொல்லின்மேல் ஒரு கோடு இழுத்து, அருகில் ‘குட்’ என்று எழுதி, சுருக்கொப்பம் இட்டேன். கோட்டுக்கு அடியில் அந்தச் சொல்லைத் தாராளமாகப் படிக்க முடிந்தது.

அடுத்த வருடம் மெட்ராசில் மறுபடி ஓர் இடம் காலியானது. செண்பகவல்லிக்குக் கிடைத்தது. அதற்குள் மீனா மூன்றாம் வகுப்புக்கு வந்திருந்தாள். கடைசி நாளன்று செண்பகவல்லி என்னிடம் ஒரு பட்டியல் தந்தார். எந்தக் கோப்பு யாரிடம், எது அவசரம், எதற்குப் பதில் பாதியில் நிற்கிறது என்று எல்லாம் இருந்தது. அவர் போனபின் செக்‌ஷன் படுக்கவில்லை. அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு ஆறு மாதம் ஓட்டினோம். சிவப்பு ஸ்வெட்டரைப் பியூனின் மகளுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

கடைசியாகப் பார்த்தது

எண்பதுகளின் நடுவில், ஒரு ஜனவரியில், அலுவலகப் பயிற்சிக்காக அவர் டெல்லி வந்தார். மகளையும் அழைத்து வந்திருந்தார். பழையபடி லக்ஷ்மிபாய் நகர் வீட்டில்தான் தங்கினார்கள். ஒரு மாலை கமலாவைப் பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கமலாவைப் பார்க்கத்தான்.

மீனா நெடுநெடுவென்று வளர்ந்திருந்தாள். மெட்ராஸ் பாவாடை சட்டையில் நடுங்கிக்கொண்டிருந்தாள். கமலா தன் கம்பளிச் சால்வையை எடுத்துப் போர்த்திவிட்டாள். காபி நீட்டியபோது அந்தப் பெண் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"டெல்லி அம்மா, எனக்குப் பால் போதும்."

கமலா டம்ளரோடு நின்றுவிட்டாள். செண்பகவல்லி சிரித்தார். "நான் மெட்ராஸ் போய் நாலு வருசம் ஆச்சு அக்கா. அவளுக்கு நான் இன்னும் டெல்லி அம்மாதான். இனி மாறாது. பேராவே ஆயிட்டு."

நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன்.

கிளம்பும்போது வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். ஏதாவது பேச வேண்டுமே என்று, எல்லோரையும் கேட்பது போல, உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டேன்.

நிமிர்ந்தார்.

"ஏன் சார்? இன்னும் எழுதுதீங்களா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். மகளின் தோளில் கை போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார்.

சால்வையைப் போர்த்திக்கொண்டே மீனா போய்விட்டாள் என்று அப்புறம்தான் கவனித்தோம். நான்கு நாள் கழித்து செண்பகவல்லி துவைத்து மடித்து வைத்துவிட்டுப் போன அதை லக்ஷ்மிபாய் நகர் வீட்டுக்காரர் கொண்டுவந்து கொடுத்தார். அவர்கள் முந்தின நாளே ரயிலேறிவிட்டார்களாம்.

கமலா சால்வையை விரித்து உதறினாள். மடிப்பிலிருந்து ஒரு பொட்டலம் விழுந்தது. கோவில்பட்டிக் கடலைமிட்டாய். நான்தான் குனிந்து எடுத்தேன். மேலே அந்தப் பழகிய கையெழுத்தில் ‘அக்காவுக்கு’ என்று மட்டும் எழுதியிருந்தது.